பாட்டுக் கேட்கும் அறைக்குத் தரைவிரிப்பு: நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு

விட்ரிஃபைடு டைல்ஸ் தரை, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர், மேலே கான்கிரீட் தளம். நம் ஊர் வீடுகளில் 10-க்கு 12 அடி அறை என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். அதில் நல்ல ஸ்பீக்கர் ஜோடியைக் கொண்டுவந்து வைத்தாலும் பாட்டு இரைச்சலாகவே கேட்கும். ‘ச’, ‘ஷ’ வரும் இடங்கள் காதைக் குத்தும். மிருதங்கச் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கலங்கும்.

தரையில் கம்பளம் போடச் சொல்வார்கள். சரியான யோசனைதான். ஆனால் ஒலிக்கு நல்லது என்று எடுக்கும் தடித்த கம்பளம் நகத்துக்கும் சிறுநீருக்கும் தாங்காது. நாய், பூனைக்கு ஏற்றது என்று விற்கும் விரிப்பு ஒலிக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு குணத்தையும் ஒரே பொருளில் தேடுவதால்தான் பணம் வீணாகிறது. மேலே நகம் மாட்டாத, அலசக்கூடிய விரிப்பு. அதன் அடியில் ஒலியை வாங்கிக்கொள்ளும் கனமான ஃபெல்ட், அதாவது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி. இந்த இரண்டு அடுக்கு முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாங்கும் முன் ஒரு மெத்தைப் பரிசோதனை

முதலில் நாயையும் பூனையையும் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பத் திரும்பக் கை தட்டினால் அவை மிரளும். நீங்கள் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் நின்று ஒரே ஒரு தட்டு, பலமாக. தட்டிய ஓசை அடங்காமல் ‘ட்ர்ர்ர்’ என்று சிறகடிப்பதுபோல் இழுத்தால், ஒலி எதிரெதிரான இரண்டு வெற்றுப் பரப்புகளுக்கு இடையே மாட்டிக்கொண்டு அலைகிறது என்று பொருள். 10 அடி உயர அறையில் தரைக்கும் கூரைக்கும் ஒருமுறை போய்வர ஒலிக்குச் சுமார் 18 மில்லி விநாடி ஆகும். அந்த வேகத்தில் திரும்பத் திரும்ப வருவதைத்தான் காது ‘ட்ர்ர்ர்’ என்று கேட்கிறது.

இப்போது கட்டிலில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தையையோ இரண்டு மூன்று ரஜாயையோ தரையில் பரப்பிவிட்டு மறுபடி தட்டுங்கள். இழுவை போய்விட்டால் தரைவிரிப்பு உங்களுக்கு உதவும். அப்படியே இருந்தால் சிக்கல் இரண்டு சுவர்களுக்கு இடையில். தரையில் எதைப் போட்டாலும் அது தீராது. திரைச்சீலை, புத்தக அலமாரி என்று சுவர்ப் பக்கம் போகவேண்டும்.

தரைவிரிப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது

வெறும் டைல்ஸ் தன்மேல் விழும் ஒலியில் 1 அல்லது 2 சதவீதம்தான் உறிஞ்சும். கனமான கம்பளத்தை நேரே கான்கிரீட் மேல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒலியியல் அட்டவணைகள் தரும் எண்கள் இவை: 125 ஹெர்ட்ஸில் 2 சதவீதம், 500-ல் 14, 1000-ல் 37, 4000-ல் 65 (ஹெர்ட்ஸ் எண் குறைந்தால் கீழ் ஸ்தாயி, கூடினால் மேல் ஸ்தாயி). அதே கம்பளத்தின் அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,350 கிராம் எடையுள்ள ஃபெல்ட் போட்டால் 125-ல் 8, 500-ல் 57, 1000-ல் 69, 4000-ல் 73.

500 ஹெர்ட்ஸ் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். 14 எங்கே, 57 எங்கே! பாடும் குரல், வீணை, வயலின் எல்லாவற்றுக்கும் உயிர் இருக்கிற இடம் அது. அங்கே வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும் கம்பளத்தைவிட அடியில் மறைந்திருக்கும் ஃபெல்ட்தான். இதனால்தான் மேல் விரிப்பில் சிக்கனம் பிடித்தாலும் ஃபெல்ட்டில் பிடிக்கக்கூடாது என்கிறோம்.

மொத்த அறைக்கு இது எவ்வளவு என்று ஒரு கணக்கு. ஒலி அடங்கும் நேரத்தைக் காண 0.161-ஐ அறையின் கன அளவால் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுக்கவேண்டும். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின் 1890-களில் ஹார்வர்டு பல்கலைக்கழக அரங்கு ஒன்றுக்குள் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கியும் எடுத்தும், ஒலி அடங்கும் நேரத்தை அளந்து கண்டுபிடித்த சூத்திரம் இது. நம் 10-க்கு 12, 10 அடி உயர அறை 34 கன மீட்டர். சோபா, திரைச்சீலை, கேட்பவர் எல்லாம் சேர்த்து உறிஞ்சல் 5 சதுர மீட்டர், அதாவது ஒலியை முழுக்க விழுங்கும் 5 சதுர மீட்டர் பரப்புக்குச் சமம், என்று வைத்துக்கொண்டால் ஒலி அடங்க 1.1 விநாடி ஆகும். 6-க்கு 9 அடி கம்பளம் மட்டும் போட்டால் 1000 ஹெர்ட்ஸில் 0.8 விநாடி. ஃபெல்ட்டும் சேர்ந்தால் 0.65. இப்படிப்பட்ட சிறிய அறைக்கு 0.3 முதல் 0.5 விநாடி வரை இருந்தால் நல்லது. ஆகவே தரை பாதி வேலையைத்தான் முடிக்கும்.

மீதியையும் தரையிலேயே முடிக்கலாம் என்று சுவருக்குச் சுவர் கம்பளம் விரிப்பது பெரிய தவறு. மேல் ஸ்தாயி மட்டும் செத்துப்போய், பேஸ் எனும் கீழ் ஸ்தாயி அப்படியே நின்று, அறை மந்தமாக முழங்கத் தொடங்கும். எடுத்து அலசவும் முடியாது. நாய், பூனை உள்ள வீட்டுக்கு அது அறவே வேண்டாம்.

இன்னொன்று: ஸ்பீக்கரிலிருந்து 8 அடி தள்ளி உட்கார்ந்தால், நேரே வரும் ஒலியும் தரையில் பட்டு வரும் ஒலியும் மோதி 280 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். அந்த இடத்தில் ஃபெல்ட் வைத்த கம்பளமே கால்பங்குதான் உறிஞ்சும். அந்தப் பள்ளத்தைக் கம்பளம் நிரப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்; நாற்காலியைச் சற்று முன்னே பின்னே நகர்த்திப் பார்ப்பதுதான் அதற்கு வழி.

மேல் விரிப்பு

முதலில் ஒதுக்கவேண்டியது லூப் பைல், அதாவது நூல் வளையம் வளையமாக மேலே நிற்கும் கம்பளம். நாயின் நகம் ஒரு வளையத்தில் மாட்டினால் அது உருவிக்கொண்டு வரும். ஒன்றைத் தொடர்ந்து வரிசையே பிரியும். சில சமயம் நகமும் பிய்யும். பூனைக்கோ அது பிறாண்டுவதற்கென்றே விரித்த பலகை. தென்னை நார் விரிப்பு, சணல், சைசல் மூன்றும் இதே கணக்கு. பூனை நகம் தீட்டும் கம்பத்தில் சுற்றும் கயிறே சைசல்தான், அதைத் தரையில் விரித்துவிட்டுப் பூனையைத் திட்டுவதில் நியாயமில்லை.

கட் பைல் நல்லது. நூலின் நுனி வெட்டப்பட்டு நிற்பதால் நகம் உள்ளே போய் வெளியே வந்துவிடும். உயரம் 10 முதல் 12 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் முடி சிக்கும், உண்ணி ஒளியும். நூல் பாலிப்ரொப்பிலீனாகவோ பாலியெஸ்டராகவோ இருந்தால் சிறுநீர் இழைக்குள் ஊறாது. நைலான் இவற்றைவிட நிமிர்ந்து நிற்கும், ஆனால் சற்று ஊறும். கம்பளி ஒலிக்கு அருமையானது. ஆனால் சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அதைச் சுத்தம் செய்ய உதவும் என்சைம் திரவங்களில் பலவும் புரதத்தைக் கரைப்பவை, கம்பளியும் புரதம்தான். பளபளக்கும் விஸ்கோஸ் கம்பளத்தைத் தொடவே வேண்டாம், வெறும் தண்ணீர் பட்டாலே கறை விழும்.

எதை எடுத்தாலும் கடையிலேயே ஒரு சோதனை: விரிப்பை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் போனால் ஒலியும் போகும், அடியிலுள்ள ஃபெல்ட் வேலை செய்யும். அடியில் ரப்பர் பாலோ பிளாஸ்டிக்கோ முழுக்கப் பூசியிருந்தால் மூச்சு போகாது. ஃபெல்ட் போட்டும் பயன் பாதிதான். டஃப்டட் என்று சொல்லப்படும் கம்பளங்களில் அடித்துணி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சிறுநீர் பலமுறை இறங்கினால் அந்தப் பசை இற்று, துணி கழன்று வரும், வாடையும் போகாது.

ஜமக்காளம் நம்மிடம் இருக்கும் நல்ல மாற்று. பவானிப் பக்கம் நெய்யும் கனமான பருத்தி ஜமக்காளத்தில் வளையமே கிடையாது, நகத்துக்குப் பிடி இல்லை, மடித்து எடுத்துப்போய் அலசலாம். தனியாகப் போட்டால் ஒலிக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. ஃபெல்ட் மேல் போட்டால் கதை வேறு. நெசவு இடம்விட்டு இருக்கும் ரகமாகப் பார்த்து, ஊதிப் பார்த்து எடுங்கள். இரண்டு முனையிலும் தொங்கும் குஞ்சத்தை உள்ளே மடித்துத் தைத்துவிடவேண்டும். பூனை நூலை விழுங்கினால் அது குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். நாய்க்குட்டிக்கும் குஞ்சம் என்றால் கொண்டாட்டம். பருத்தி சிறுநீரை உறிஞ்சத்தான் செய்யும், ஆனால் அன்றே அலசிக் காயப்போட முடிகிறது என்பதால் அந்தக் குறை பெரிதில்லை.

கோரைப்பாய் ஒலிக்கு உதவாது. அலுவலகங்களில் போடும் 50 செ.மீ. சதுரக் கார்பெட் டைல்ஸ் பராமரிப்புக்கு வசதி, அழுக்கான ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் அடிப்பக்கம் மூடியிருப்பதால் உறிஞ்சல் குறைவு. வினைல், கார்க் தரைகளை ‘சத்தம் குறைக்கும்’ என்று விற்பார்கள். அவர்கள் சொல்லும் சத்தம் நீங்கள் நடப்பது கீழ்வீட்டுக்குக் கேட்கிறதே, அது. உங்கள் அறைக்குள் எழும் எதிரொலி வேறு விஷயம்.

அடியில் ஃபெல்ட்

குஷன் கடைகளிலும் கார்பெட் கடைகளிலும் கிடைக்கும். பாலியெஸ்டர் ஃபெல்ட்டாகக் கேளுங்கள். துவைத்தால் கூழாகாது, பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. எடை சதுர மீட்டருக்கு 1,200 முதல் 1,400 கிராம், தடிமன் 10 மி.மீ. அருகில். ஒரே கனத்தில் கிடைக்காவிட்டால் 600 கிராம் ஃபெல்ட் இரண்டு அடுக்கு. பழந்துணியை அரைத்துச் செய்யும் சாம்பல் நிற ஃபெல்ட்டும் ஒலிக்குக் குறைவில்லை, ஒருமுறை நனைந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்பதுதான் சிக்கல்.

யோகா மேட், குழந்தைகள் விளையாடும், துண்டு துண்டாகக் கோத்துப் போடும் ஃபோம் மேட் போன்றவற்றில் குமிழிகள் ஒன்றோடொன்று இணையாமல் மூடியிருக்கும். காற்று நுழையாத இடத்தில் ஒலியும் அடங்காது. நாய் அதைக் கடித்துத் தின்றால் குடல் அடைப்பு வேறு. சோபாவுக்குள் வைக்கும் திறந்த குமிழி ஃபோம் ஒலியை வாங்கும். ஆனால் ஒரு குவளைச் சிறுநீரை ஒரு மூலையில் விட்டால் ஓரடிக்குப் பரப்பிவிடும்.

போடும் முறை

1. தரைத்தளத்தில் இருப்பவர்கள் முதலில் ஈரம் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை, டைல்ஸ் இணைப்புகள் உள்ளே வரும்படி வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்தாலோ இணைப்பு கறுத்தாலோ தரை ஈரம் கக்குகிறது. அங்கே விரிப்பு போட்டால் பூஞ்சை பிடிக்கும். இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

2. ஸ்பீக்கர், நாற்காலி இரண்டையும் உரிய இடத்தில் வையுங்கள். நீங்கள் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் படுக்கவைத்து நகர்த்தட்டும். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயி ஒலி வரும் சிறிய வட்டம், கண்ணாடியில் தெரியும் இடம்தான் தரையில் ஒலி படும் இடம். ட்வீட்டரும் காதும் ஏறத்தாழ ஒரே உயரம் என்றால் அது நடுவழியில் வரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. விரிப்பு ஸ்பீக்கருக்கு 6 அங்குலம் முன்னால் தொடங்கி, சோபாவின் முன்கால்களுக்கு அடியில் 6 அங்குலம் போய் முடியட்டும். சோபாவின் எடை அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கரையோ ஸ்டாண்டையோ விரிப்பின் மேல் வைக்கவேண்டாம். நாய் பாய்ந்து ஓடும்போது விரிப்பு இழுபட்டால் ஸ்பீக்கரும் சேர்ந்து சாயும். மேற்சொன்ன அறைக்கு 6-க்கு 9 அடி இடித்தால் 6-க்கு 6 எடுங்கள், குறித்த இரண்டு புள்ளிகளும் நன்றாக உள்ளே வந்தால் போதும்.

4. ஃபெல்ட் விரிப்பைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் சிறிதாக இருக்கவேண்டும். அப்போதுதான் ஓரம் சரிந்து தரையோடு படியும், கால் தடுக்காது, நாய்க்குக் கடிக்க விளிம்பு கிடைக்காது. 6-க்கு 9 விரிப்புக்கு ஃபெல்ட் மொத்தம் 68-க்கு 104 அங்குலம். இதை முழுசாகப் போடாமல் ஆறு துண்டாக, ஒவ்வொன்றும் 34-க்கு 34⅔ அங்குலமாக, இரும்பு ஸ்கேல் வைத்து கட்டரால் வெட்டுங்கள். ஏழாவதாக ஒன்று கூடுதலாக இருக்கட்டும். ஒன்று நனைந்து கொடியில் காயும்போது அது அந்த இடத்துக்குப் போகும். துண்டுகளில் மார்க்கரால் எண் போட்டுவைத்தால் திரும்ப அடுக்க எளிது.

5. டைல்ஸைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, வலைபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஆன்டி ஸ்லிப் மேட்டை முதலில் விரியுங்கள். மேலே ஃபெல்ட் துண்டுகள், இடைவெளி இல்லாமல். இணைப்புகளின் மேல் துணி டேப். தரை வினைலாக இருந்தால் ரப்பர், பிவிசி வலை எதுவும் வேண்டாம். நாளடைவில் மஞ்சள் கறை விழும்.

6. புதுக் கம்பளத்தை ஒரு நாள் வெளியே காற்றாட, குப்புறப் போட்டு, சுருளும் வாடையும் போனபின் விரியுங்கள். மூலைகள் எழும்பினால் அடியில் வெல்க்ரோ தைத்து ஃபெல்ட்டோடு பிணைக்கலாம்.

7. கரன்ட் வயரை விரிப்புக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது. சூடு வெளியேறாது, மிதிபட்டு உறை கிழியும், ஈரமும் அங்கேதான் இறங்கும். சுவரோரம் கேசிங் அடித்துக் கொண்டுசெல்லுங்கள்.

போட்டு முடித்ததும் பூனைக்கு நகம் தீட்ட 3 அடி உயரக் கம்பம் ஒன்றை, தள்ளினால் ஆடாத கனத்தில், விரிப்பின் அருகிலேயே நிறுத்துங்கள். தூரத்து மூலையில் வைத்தால் பூனை விரிப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். நாய் டைல்ஸில் நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் நகம் வளர்ந்துவிட்டது, வெட்டவேண்டும். வழுக்கும் டைல்ஸில் எழத் தடுமாறும் வயதான நாய்க்கு இந்த விரிப்பு கால் ஊன்ற நல்ல பிடியும் தரும்.

சிறுநீர் பட்டால்

தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும். பழைய வேட்டித் துணியை மடித்து வைத்து, மேலே ஏறி நின்று ஒற்றி எடுங்கள். விரிப்பின் அந்தப் பக்கத்தைத் தூக்கி, நனைந்த ஃபெல்ட் துண்டை உடனே உருவி வெளியே போடுங்கள். பலரும் மேலே மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மழைக்காலம் வந்ததும் வாடை கிளம்பும். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் படிகமாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் எளிதில் கரையாது, காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி மணக்கும். அதை உடைக்க என்சைம் கிளீனர்தான் வேண்டும். குளிர்ந்த தண்ணீரால் ஒற்றியபின், சிறுநீர் போன ஆழம்வரை போகும் அளவுக்கு அதை ஊற்றி, ஈரத்துணி போட்டு மூடி, பாட்டிலில் சொன்ன நேரம் காயாமல் வைத்திருங்கள். சீக்கிரம் காய்ந்தால் என்சைம் வேலை செய்யாது. பிறகு ஃபேன், வெயில்.

பினாயில் ஊற்றவே கூடாது. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரிவர வெளியேற்ற முடியாது, பாதத்தில் பட்டதை நக்கினாலே நஞ்சு. பிளீச்சிங் பவுடர் சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். பூச்சி வராமலிருக்கக் கம்பளத்தின் அடியில் அந்துருண்டை போடும் பழக்கம் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். கற்பூரமும் அப்படியே. பழைய இடம் எது என்று தெரியாவிட்டால் இரவில் விளக்கணைத்து, நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் மஞ்சளாய்த் தெரியும்.

உண்ணியும் ஈரமும்

வாரம் இரண்டு முறை வாக்குவம் கிளீனர், மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கி அடிப்பக்கமும். நாயிடமிருந்து உதிரும் பெண் உண்ணி சுவர் இடுக்கிலும் கம்பளத்து ஓரத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே வைத்தியம் நாய்க்கும் சேர்த்துத்தான், கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தோடு. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தையோ பொடியையோ பூனை நடமாடும் விரிப்பில் தூவினால் பூனை செத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒருமுறை ஃபெல்ட்டைக் கிளப்பிக் காற்றாட விடுங்கள். இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் கேட்பதற்குச் சற்று முன் கூட்டவேண்டாம். கிளம்பிய முடியும் தூசியும் ஊசியில்தான் வந்து உட்காரும்.

தரை ஒத்துவராதபோது

ஈரம் கக்கும் தரை, இன்னும் பழகாத குட்டி, அடக்க முடியாத முதிய நாய் என்று விரிப்பே போட முடியாத வீடுகள் உண்டு. தரைக்கும் கூரைக்கும் இடையே அலையும் ஒலியை நிறுத்த இரண்டில் ஒன்று உறிஞ்சினால் போதும். கூரைக்குப் பூனை எட்டாது. 2-க்கு 4 அடி மரச்சட்டத்தில் 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பஞ்சு) பலகை வைத்து, ஊதினால் மூச்சு போகும் துணியால் நாலாபுறமும் இழைகள் உதிராதபடி மூடி, கேட்கும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நான்கு பலகைகள். கூரையிலிருந்து 2 அங்குலம் இறக்கித் தொங்கவிட்டால் 250 ஹெர்ட்ஸ் பக்கமும் வேலை செய்யும், தரைவிரிப்பால் முடியாத இடம் அது. ஃபேன் இறக்கைக்கு ஓரடியாவது விலகியிருக்கவேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் நான்கு மூலையிலும் கான்கிரீட்டில் துளையிட்டு ஆங்கர் போல்ட் இறக்கித்தான் தொங்கவிடவேண்டும், ஒட்டும் டேப்பை நம்பக்கூடாது. கீழே டைல்ஸில் ஒரு தடித்த நாய்ப்படுக்கை, கழற்றித் துவைக்கும் உறையோடு, கண்ணாடியில் ட்வீட்டர் தெரிந்த இடத்துக்கு அருகில் கிடந்தால் அதுவும் தன் பங்குக்கு உறிஞ்சும்.